மருதமரத்தின் ஐந்தாவது வரி

பொடிச்சி என்று ஒரு சருகுமான். மான் இனத்திலேயே சின்னது. முயலுக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவுதான் உயரம். ஏழுசுனைக் காட்டில் காய்ந்த இலைகளுக்கு நடுவே குடியிருந்தாள்.

பயம் அவளோடு கூடப் பிறந்தது. இலை விழுந்தால் பயம். விழவில்லை என்றால், ஏன் இன்னும் விழவில்லை என்று பயம்! இந்தக் கோடைத் தொடக்கத்தில் அவள் வீட்டுக்காரனைப் புலி தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அந்தப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. இப்போது அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெண்குட்டி. பிறந்து இருபது நாள்தான். கடுகு என்று பேர் வைத்திருந்தாள்.

அந்தப் புலியைக் கோடை முடிவதற்குள் எல்லோரும் சேர்ந்து மலைக்கு அப்பால் துரத்திவிட்டார்கள். முன்னால் நின்று துரத்தியது பெருமாயி என்ற பெண் யானை. பின்னால் காட்டெருமைகள், பன்றிகள், முள்ளம்பன்றிகள், தேனீக்கள்கூட வந்தன. ஒன்பது வருஷம் ஆட்டிப் படைத்த புலி, வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு ஓடியதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. இனி இந்தக் காட்டை எப்படி நடத்துவது?

"சட்டம் எழுதணும்!" என்றான் மரங்கொத்தி. "மருதமரத்துல நான் கொத்தித் தர்றேன். ஆனா ஒண்ணு! கொத்தினது கொத்தினதுதான். அப்புறம் அழின்னு சொன்னா என்னால முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!"

அந்த மருதமரம் காட்டாற்றின் கிழக்குக் கரையில் இருந்தது. எதிர்க்கரை முழுக்க மூங்கில். கோடையில் ஆறு வெறும் மணல்தான். யார் வேண்டுமானாலும் நடந்து கடக்கலாம். ஆனால் அப்போது ஆடி பிறந்துவிட்டது. மேற்கு மலையில் மேகம் திரண்டுகொண்டிருந்தது. வெள்ளம் இறங்கிவிட்டால் இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்க்கத்தான் முடியும், கூடிப் பேச முடியாது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டுமே என்று எல்லோருக்கும் பதற்றம்.

கூட்டத்துக்கு ஓர் இனத்துக்கு ஒருவர் வரவேண்டும் என்றார்கள். சருகுமான்களில் தைரியசாலிகள் எல்லாம் "எனக்கு வேலை இருக்கு" என்று நழுவிவிட்டார்கள். கடைசியில் பொடிச்சி தலையில் வந்து விடிந்தது. தினமும் காலையில் கடுகுக்குப் பால் கொடுத்துவிட்டு, மூங்கில் கரையில் மறைவாகப் படுக்க வைத்துவிட்டு, ஆற்றைக் கடந்து வந்து கூட்டத்தின் கடைசி வரிசையில் நடுங்கிக்கொண்டு உட்காருவாள்.

பதினோரு நாள் பேசினார்கள். பேசினார்களா, சண்டை போட்டார்களா என்றால், இரண்டும்தான்!

"என் ஒரு உடம்புக்கு ஆயிரம் எலி ஈடாகுமா? எனக்கும் எலிக்கும் ஒரே குரலா?" என்று சீறியது காட்டெருமை.

"நீங்க நாற்பது பேர். நாங்க நாலாயிரம் பேர். தலையை எண்ணிப் பாருங்க, யார் பெரிசுன்னு தெரியும்!" என்றது எலி.

இதிலேயே இரண்டு நாள் போயிற்று. பெருமாயிதான் நடுவில் புகுந்து, ஓர் இனத்துக்கு ஒரு குரல் என்று முடித்து வைத்தாள். அது இரண்டாவது வரி ஆயிற்று. முதல் வரி அதற்கு முன்பே கொத்தியாகிவிட்டது: பிறப்பால் யாரும் தலைவர் இல்லை, கூடித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம் சொல்லாமல் யாரையும் பிடித்து வைக்கக்கூடாது என்பது மூன்றாவது. எந்தக் கரையில் பிறந்தவரும் எந்தக் கரைக்கும் போகலாம், வரலாம் என்பது நான்காவது. அதைக் கொத்தும்போது பொடிச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. புலி காலத்தில் ஆற்றைக் கடக்க அவள் அப்பாவுக்கு அனுமதி கிடைத்ததே இல்லை.

தலைவியாகப் பெருமாயியைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுபேச்சே இல்லை. அவளை யாருக்குத்தான் பிடிக்காது! கோடையில் தும்பிக்கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுப்பாள். முதலில் குட்டிகள் குடிக்கட்டும் என்று விலகி நிற்பாள்.

பதினோராம் நாள் உடும்பு முன்னால் வந்தது. எப்போதும் பெருமாயியின் காலடியிலேயே கிடக்கும் உடும்பு அது. ஒன்றைப் பிடித்தால் விடாத ஜாதி!

"எல்லாம் சரி. ஆபத்து வந்தா என்ன செய்யறது?" என்று கேட்டது. "அப்பவும் ஆளாளுக்குக் குரல் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்களா? மந்தி அபாயக் குரல் கொடுத்தா மேலே சொன்ன நாலு வரியையும் நிறுத்தி வைக்கணும். பெருமாயி அக்கா சொல்றதுதான் சட்டம். இதை ஐந்தாவது வரியா போடுங்க!"

"சபாஷ்!" என்றது பன்றி.

"நியாயம்தானே!" என்றது புள்ளிமான்.

மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டான். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அது எப்போ முடியும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொடிச்சி சருகுக்குள் ஒடுங்கினாள். இருந்தாலும் விடவில்லை.

"மந்தி கத்தினா ஆரம்பம். சரி. முடிவு எப்போ? அதையும் எழுத வேண்டாமா?"

"மந்தி கத்தறதை நிறுத்தினா முடிஞ்சதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா?" என்று பன்றி சிரித்தது.

மரக்கிளையில் உட்கார்ந்திருந்த மந்தி தலையைச் சொறிந்தது. "நான் வாய் வலிச்சாலும் நிறுத்துவேனே! ஆபத்து வந்தா கத்தணும்னு எங்க அப்பன் பாட்டன் சொல்லிக் கொடுத்திருக்காங்க. ஆபத்து போச்சுன்னு கத்த எங்க வம்சத்துல குரலே கிடையாது!"

உண்மைதான். அந்தக் காட்டில் மந்திக்கு மட்டும் இல்லை, மானுக்கும் மயிலுக்கும்கூட அப்படி ஒரு குரல் கிடையாது. ஆபத்து என்றால் எல்லோரும் கத்துவார்கள். போய்விட்டால் அவரவர் பேசாமல் மேயத் தொடங்கிவிடுவார்கள். காலம் காலமாக அப்படித்தான். அதில் என்ன தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை.

"புலி எப்படி வந்துச்சுன்னு மறந்துட்டீங்களா?" என்றாள் பொடிச்சி. குரல் கீச்சென்று போயிற்று. "செந்நாய்க் கூட்டம் வந்தப்போ நாமதானே போய்க் கும்பிட்டுக் கூட்டிக்கிட்டு வந்தோம்? 'செந்நாய் போறவரைக்கும் நீங்களே பார்த்துக்கோங்க'ன்னு சொன்னோம். செந்நாய் ஒரே மாசத்துல போயிடுச்சு. புலி போகலையே! 'போயிடுச்சுன்னு யார் சொன்னது?'ன்னு கேட்டே ஒன்பது வருஷம் உட்கார்ந்துச்சே!"

இரண்டு மூன்று தலைகள் ஆமென்று ஆடின. உடும்பு உடனே சீறியது.

"ஓகோ! அப்போ அக்காவும் புலியும் ஒண்ணுன்னு சொல்ல வர்றியா? அக்கா மேல சந்தேகமா உனக்கு?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலையே!"

"பின்னே எப்படிச் சொன்னே? நன்றி கெட்டதனமா இல்லை?"

கூட்டம் முணுமுணுத்தது. பொடிச்சி பெருமாயியின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெரிய முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் பொடிச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நம் உயிரைக் காத்தவளைப் போய் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று குறுகிப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

டொக் டொக் டொக் என்று ஐந்தாவது வரி ஏறியது. முடிவில்லாமலே ஏறியது.

நான்கு நாள் கழிந்தது. நாவல் மரம் மருதமரக் கரையில் பழத்தை உதிர்த்துக்கொண்டிருந்தது. பால் சுரக்க வேண்டுமானால் தாய்க்குத் தீனி வேண்டுமே! பொடிச்சி அன்று காலை கடுகை மூங்கில் கரையில், ஆற்றோரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் வேர்க்குழிக்குள் படுக்க வைத்தாள்.

"நான் வந்து மூக்கால தொடற வரைக்கும் அசையக்கூடாது. யார் கூப்பிட்டாலும் அசையாதே. என்ன?"

"சரிம்மா," என்றது கடுகு.

சருகுமான் குட்டிகளுக்கு ஓடிப் பிழைக்கத் தெரியாது. அசையாமல் இருந்துதான் பிழைக்க வேண்டும். பொடிச்சியின் அம்மாவும் அவளை அப்படித்தான் வளர்த்தாள்.

அவள் ஆற்றைக் கடந்து நாலு பழம் தின்றிருப்பாள். அவ்வளவுதான்! உச்சிக்கிளையில் மந்தி அலறியது.

"ஆபத்து! ஆபத்து! எதிர் மேட்டுல மஞ்சளா ஏதோ தெரியுது! புலி! புலி!"

காடே அல்லோலகல்லோலப்பட்டது. பெருமாயி துள்ளி எழுந்து வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அன்று அவள் நடந்துகொண்டது அத்தனை அழகு! குட்டிகளைப் பாறைகளுக்கு நடுவே சேர்த்தாள். காட்டெருமைகளைச் சுற்றி நிறுத்தினாள். "இந்தக் கரையில இருக்கிறவங்க இங்கேயே இருங்க. யாரும் ஆத்தைக் கடக்கக்கூடாது!" என்று உத்தரவு போட்டாள். ஆற்றங்கரை நெடுகப் பன்றிகள் காவலுக்கு நின்றன.

"அக்கா, என் குட்டி அந்தக் கரையில இருக்கா!" என்று ஓடினாள் பொடிச்சி.

"பயப்படாதே தங்கச்சி. உன் குட்டி மறைவாத்தானே இருக்கு? இப்ப நீ ஓடினா புலிக்கு நீயே வழி காட்டின மாதிரி ஆயிடும். கொஞ்சம் பொறு," என்றாள் பெருமாயி.

அது நியாயமான பேச்சு. பொடிச்சி பொறுத்தாள். அன்று புலி வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. மந்தியும் கத்துவதை நிறுத்திவிட்டுப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பொடிச்சி பன்றிகளிடம் போனாள்.

"அண்ணே, இப்ப கடக்கலாமா?"

"உத்தரவு இன்னும் இருக்கும்மா."

"ஆபத்துதான் போயிடுச்சே!"

"போயிடுச்சுன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே!"

ஓடி மரத்தடிக்குப் போனாள். "மந்தியண்ணே, முடிஞ்சதுன்னு ஒரு குரல் கொடுங்களேன்!"

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, அதுக்கு எனக்குக் குரல் இல்லைன்னு!" என்று கையை விரித்தது மந்தி. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

உடும்பிடம் போனாள். உடும்புக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. யார் எங்கே மேய வேண்டும், யார் எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மருதமரத்தடியில் கூட்டம் கூடினால் புலி கண்ணில் படும் என்று கூட்டத்தை நிறுத்தியிருந்தது. டொக் டொக் சத்தம் புலிக்குக் கேட்கும் என்று மரங்கொத்தியின் வாயையும் கட்டிப் போட்டிருந்தது.

"உன் குட்டி ஒண்ணுக்காகக் காட்டையே காவு கொடுக்கச் சொல்றியா? போய் வரிசையில நில்லு!" என்றது.

இரண்டாம் நாளும் கடந்தது. பொடிச்சிக்கு மடி கட்டிக்கொண்டு வலித்தது. பால் தானாகவே மண்ணில் சொட்டியது. குட்டிக்குப் போக வேண்டிய பால் இப்படி மண்ணுக்குப் போகிறதே என்று அழுகை முட்டியது. ஒருநாள் தாங்கும். இரண்டு நாள் எப்படியோ தாங்கும். மூன்றாம் நாள் தாங்குமா? எறும்பு மொய்த்திருக்குமா? பாம்பு வந்திருக்குமா? பயத்துக்குக் கற்பனை சொல்லியா தரவேண்டும்!

மூன்றாம் நாள் காலை மேற்கு மலை கறுத்தது. இடி உருண்டது. அங்கே மழை பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் வெள்ளம் இறங்கும். வேர்க்குழி இருப்பதோ ஆற்றோரத்தில்!

பொடிச்சி யாரையும் கேட்கவில்லை. ஒரே ஓட்டம்! பன்றிகளின் காலிடுக்கில் புகுந்து மணலில் பாய்ந்தாள். பாதி ஆறுகூடத் தாண்டியிருக்க மாட்டாள். இரண்டு பன்றிகள் துரத்தி மடக்கி, மூக்கால் உருட்டிக்கொண்டு வந்து பெருமாயியின் முன்னால் தள்ளின.

"உத்தரவை மீறிட்டா அக்கா! இவளை விட்டா நாளைக்கு எல்லாரும் மீறுவாங்க!" என்றது உடும்பு.

பெருமாயிக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. கண் சிவந்திருந்தது. "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று கேட்டாள்.

பொடிச்சிக்கு உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் வாய் நடுங்கவில்லை.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி. புலி வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"வரலைதான்."

"அப்போ முடிஞ்சதுன்னு ஏன் சொல்லலை?"

பெருமாயி காதை ஆட்டினாள். பிறகு, பொய் சொல்லத் தெரியாத அந்த யானை உண்மையைச் சொன்னாள்.

"பயமா இருக்கு பொடிச்சி. முடிஞ்சதுன்னு நான் சொன்ன அடுத்த நிமிஷம் புலி வந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டா? அந்தப் பழி யார் தலையில விழும்? இன்னும் ஒருநாள் பார்ப்போம், இன்னும் ஒருநாள் பார்ப்போம்னுதான்..."

"புலியும் முதல் வருஷம் அதைத்தான் சொல்லுச்சு அக்கா. இன்னும் ஒருநாள் பார்ப்போம்னு."

பெருமாயி அடிவாங்கினவள்போல் ஓர் அடி பின்னால் வைத்தாள். உடும்பு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் மேற்கே ஹோவென்று சத்தம் கேட்டது. ஆற்றின் வளைவில் சருகும் சுள்ளியும் நுரையுமாக வெள்ளத்தின் தலை தெரிந்தது.

பெருமாயி யோசிக்கவே இல்லை. பொடிச்சியைத் தும்பிக்கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நடு ஆற்றில் முழங்கால் தண்ணீர். அடுத்த நாலு எட்டில் வயிறு வரை தண்ணீர். மிதந்து வந்த மரக்கட்டை ஒன்று விலாவில் இடித்தது. பொடிச்சி கண்ணை மூடிக்கொண்டு "கடுகு, கடுகு" என்று முனகிக்கொண்டே இருந்தாள்.

எதிர்க்கரையில் வேர்க்குழிக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. கடுகு அங்கேயேதான் இருந்தது. கழுத்து வரை தண்ணீர். மூக்கு மட்டும்தான் வெளியே. மேடு இரண்டு அடி தள்ளித்தான் இருந்தது. நகர்ந்தால் தப்பித்துவிடும்.

"ஏய் குட்டி! வெளியே வா!" என்று கத்தினாள் பெருமாயி.

குட்டி அசையவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்தது. தண்ணீர் வாயைத் தொட்டது. அப்போதும் அசையவில்லை! பொடிச்சி தும்பிக்கையிலிருந்து குதித்து நீருக்குள் விழுந்து, மூக்கால் அதன் நெற்றியைத் தொட்டாள்.

"வந்துட்டேன்டி என் கண்ணே! எந்திரி!"

அப்புறம்தான் அது எழுந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்து, மேட்டில் விழுந்து இருமியது. "நீ வந்து தொடணும்னு சொன்னியேம்மா," என்றது. பொடிச்சி அதை நக்கி நக்கி அழுதாள். பெருமாயி வெள்ளம் அவர்களைத் தொடாமல் குறுக்கே நின்றாள்.

அதற்குள் ஆறு கரை புரண்டுவிட்டது. யானையாலும் திரும்பக் கடக்க முடியாத வெள்ளம். மூவரும் மூங்கில் கரையில் மாட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் பெருமாயி மேட்டில் ஏறி, மந்தி பார்த்த மஞ்சளைத் தேடினாள். மேட்டு உச்சியில் ஒரு கொன்றை மரம் பருவம் தப்பிப் பூத்து நின்றது. ஆளுயரத்துக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூ! புலியின் கால்தடம் ஒன்றுகூட எங்கும் இல்லை.

"அட, பூவுக்கா இத்தனை பாடு!" என்று பெருமாயி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உடனே கரைக்கு ஓடி வந்து கூவினாள். "முடிஞ்சது! ஆபத்து இல்லை! எல்லாரும் அவங்கவங்க வழியில போங்க!"

வெள்ளத்தின் இரைச்சலில் பேச்சு எங்கே கேட்கும்? பிளிறல் மட்டும்தான் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. யானை பிளிறினால் மந்திக்கு என்ன தோன்றும்? "ஆபத்து! ஆபத்து! அக்காவுக்கே ஆபத்து!" என்று முன்னைவிடப் பெரிதாக அலறியது. பன்றிகள் இரண்டு வரிசையாக நின்றன. முயல்களையும் எலிகளையும் வளைக்குள் தள்ளி வாசலில் கல்லை வைத்தன. பெருமாயி மறுபடி பிளிறினாள். காவல் மூன்று வரிசை ஆயிற்று! அவள் கத்தக் கத்த அங்கே கெடுபிடி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து நாள் அவள் கரையில் நின்று பார்த்தாள். உடும்பு பாறைமேல் ஏறி நின்றுகொண்டு தலையை ஆட்டி ஆட்டி உத்தரவு போட்டது. ஓர் ஆமை ஏதோ கேட்க வந்தது. கேட்ட குற்றத்துக்கு அதை மல்லாக்கப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். நாலு காலையும் ஆட்டிக்கொண்டு அது வெயிலில் கிடந்தது.

"அடப்பாவிங்களா! யார் இப்படிச் செய்யச் சொன்னது?" என்று துடித்தாள் பெருமாயி.

"நீங்கதான் அக்கா," என்றாள் பொடிச்சி மெதுவாக. "அங்கே நடக்கிறது உங்க உத்தரவுதான். நீங்க போய்ச் சொல்ற வரைக்கும் அது நிற்காது."

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

"நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன், அசையாதேன்னு. நான் வர ஒரு நிமிஷம் தாமதமாகியிருந்தா என் பேச்சே என் குட்டியைக் கொன்னிருக்கும்."

பெருமாயி அக்கரையில் மல்லாந்து கிடந்த ஆமையை மறுபடி பார்த்தாள்.

"அப்போ, முடிவைத் தலைவி வந்து சொல்லணும்னு எழுதினாலும் போதாது, இல்லையா?" என்று கேட்டாள்.

"போதாது அக்கா. சொல்ல வேண்டியவங்க பயப்படலாம். தூரத்துல மாட்டிக்கலாம். செத்தும் போகலாம். யாரும் சொல்லாமலே அது தானா முடியணும்."

ஆறாம் நாள் வெள்ளம் வடிந்தது. பெருமாயி முன்னால், பொடிச்சியும் கடுகும் அவள் முதுகின் மேல். கரையேறியதும் பெருமாயி முதல் வேலையாக ஆமையை நிமிர்த்தி வைத்தாள். அது தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அன்று முழுவதும் அது தலையை வெளியே நீட்டவே இல்லை.

"அக்கா! நீங்க இல்லாத நேரத்துல உங்க உத்தரவை இம்மி பிசகாம காப்பாத்தியிருக்கேன்!" என்று உடும்பு ஓடி வந்தது. அதன் கண்ணில் பெருமை பொங்கியது. அது மனதாரத்தான் சொன்னது, பாவம்!

"அதுதான்பா எனக்குப் பயமா இருக்கு," என்றாள் பெருமாயி. "கூட்டத்தைக் கூட்டு. ரெண்டு கரையும் வரட்டும்."

எல்லோரும் மருதமரத்தடியில் கூடினார்கள். வளைக்குள் கிடந்த எலிகள் வெளிச்சத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தன. நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் பெருமாயி சொன்னாள். கொன்றைப் பூவையும் சொன்னாள், தன் பயத்தையும் சொன்னாள்.

"ஐந்தாவது வரியை அழிச்சுடலாமா?" என்று கேட்டது எலி.

"கொத்தினதை அழிக்க முடியாதே!" என்று பதறினான் மரங்கொத்தி.

"அழிக்க வேண்டாம். நிஜமாவே புலி வந்தா அது வேணும்," என்றாள் பொடிச்சி. "கீழே இன்னொரு வரி சேருங்க. மந்தி குரல் கொடுத்த மூணாம் நாள் பொழுது சாயறப்போ தலைவியோட தனி அதிகாரம் தானா முடிஞ்சிடும். யாரும் சொல்ல வேண்டாம், யாரும் கேட்க வேண்டாம். ஆபத்து இன்னும் இருந்தா எல்லா இனமும் திரும்பக் கூடித்தான் கொடுக்கணும். கூடிப் பேச முடியலைன்னா அதிகாரம் கிடையாது!"

உடும்பு பொறுக்கவில்லை. "அக்கா, உங்க முகத்துக்கு எதிரேயே உங்களை நம்பலைன்னு சொல்றாளே, கேட்டுக்கிட்டு நிற்கிறீங்களே!"

"நம்பாதீங்க!" என்றாள் பெருமாயி. காடே அதிர்ந்தது. "எட்டு நாளா என் பேரைச் சொல்லித்தான் உங்களை அடைச்சு வச்சாங்க. நான் எதிர்க்கரையில நின்னு கத்தியும் என்னாலேயே அதை நிறுத்த முடியலை. கொத்துப்பா, மரங்கொத்தி! ஆழமா கொத்து!"

டொக் டொக் டொக் என்று ஆறாவது வரி ஏறியது. எட்டு நாள் வாய் கட்டிக் கிடந்தவன் அல்லவா, மரங்கொத்தி மரச்சிம்புகள் தெறிக்கத் தெறிக்கக் கொத்தினான்.

பொடிச்சியின் பயம் போயிற்றா என்று கேட்டால், போகவில்லை. இன்றைக்கும் இலை விழுந்தால் துள்ளுகிறாள். ஆனால் அவள் ஏதாவது கேட்க எழுந்தால் இப்போது யாரும் சிரிப்பதில்லை, காட்டெருமைகூடக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது.

தலைவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், அவருக்குக் கொடுக்கும் அதிகாரம் எப்போது முடியும் என்பதையும் கொடுக்கும்போதே எழுதிவிட வேண்டும்.